வாரம் பத்து வார்த்தை

ஜனவரி 9

பாப்பா அப்பாவுக்கு,

இனி போனில் பேச வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொல்கிறேன். நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் நாலு சொல்லிவிடுகிறீர்கள். பதில் எனக்கு வாய்க்கு வரும்போது லைன் போய்விடுகிறது. போன ஞாயிறு, "உனக்கெல்லாம் நாக்கு வளையாது, விடு" என்று சொல்லி வைத்தீர்களே, அதற்குச் சொல்ல வேண்டிய பதில் செவ்வாய்க்கிழமை தையல் மெஷினில் உட்கார்ந்து சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு வந்தது. அப்போது கேட்க நீங்கள் இல்லை. ஆகவே கடிதம். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

இரண்டாவது விசா நேர்காணலில் நடந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவே இல்லை. காலை ஏழு மணிக்கே விசா அலுவலகத்து வரிசையில் நின்றேன். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நரைத்த தலைக்காரர். பெயர், வயது, கல்யாணத் தேதி, பாப்பா எந்த வகுப்பு, எல்லாம் ஆங்கிலத்திலேயே கேட்டார், எல்லாம் ஆங்கிலத்திலேயே சொன்னேன். வீட்டுக்காரர் என்ன வேலை என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி "சூப்பர்வைசர், ஹாஸ்பிட்டல்" என்றேன். "ஆர் யூ ஷூர்?" என்றார். என் உச்சரிப்பு விளங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக, எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னேன். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் "ஷூர்?" என்றார். "வெரி ஷூர் ஸர்" என்றேன். "தேங்க் யூ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வாரத்தில் சீட்டு வந்தது. நேர்காணல் திருப்தியாக இல்லை என்று ஒரே வரி. முதல் தடவையும் இதே வரிதான்.

மூன்றாவதுதான் கடைசி. மே முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலும் தவறினால் மூன்று வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. நீங்கள் போகும்போது பாப்பாவுக்கு ஐந்து வயது, இப்போது ஒன்பது. அப்பா எவ்வளவு உயரம் என்று போன வாரம் கேட்டாள். கதவின் மேல்தாழ்ப்பாளைக் காட்டினேன்.

வேலை முடிந்து ஐந்தரைக்கு ஒரு ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். புத்தக இங்கிலீஷை விடுங்கள், அங்கே மனிதர்கள் அன்றாடம் பேசுவதைப் பிடியுங்கள் என்கிறார் டீச்சர். அதற்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வாரம் பத்து வார்த்தை. வேலை இடத்தில் காதில் விழுவதை விழுந்தபடியே எழுதி, என்ன அர்த்தம், எப்போது சொல்வார்கள் என்று பக்கத்தில் போட்டு அனுப்புங்கள். இதையாவது செய்யுங்கள்.

பாப்பா அம்மா

ஜனவரி 24

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் அன்புள்ள இல்லை. பரவாயில்லை, நான் போட்டிருக்கிறேன்.

பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. நாலு வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகிறது. காலை ஐந்து மணிக்கு வேலைக்கு ஏறி, பகல் இரண்டு மணிக்கு இறங்குகிறேன். அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால், ஷூவைக் கழற்றக் குனிவதற்கே அரை மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நீங்கள் இரண்டு பேரும் வந்தால் தனி வீடு பார்க்கலாம் என்றுதான் இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறேன். போனில் அப்படிச் சொன்னது தப்புத்தான். அலுப்பில் வாய் முந்திவிட்டது.

நீ கேட்ட பத்து வார்த்தை. "யூ மிஸ்ட் எ ஸ்பாட்" என்றால் ஓர் இடத்தை விட்டுவிட்டாய், திரும்பப் பார் என்று. "எல்போ கிரீஸ்": எண்ணெய் கிண்ணெய் ஒன்றும் இல்லை, நன்றாக அழுத்தித் தேய் என்பது. "ஆன் தி டபுள்": ஓடி வா. "மைண்ட் யுவர் பேக்": பின்னால் ஸ்ட்ரெச்சர் வருகிறது, ஒதுங்கு. "ஸ்பிக் அண்ட் ஸ்பான்": துளி அழுக்கில்லாமல் பளிச்சென்று இருப்பது. "டோன்ட் கட் கார்னர்ஸ்": வேலையை அரைகுறையாய் முடிக்காதே. "மேக் யுவர்செல்ஃப் ஸ்கேர்ஸ்": பெரிய டாக்டர் வருகிறார், கண்ணில் படாமல் போ. "ரைட் அவே": இதோ, உடனே. "சாரி அபௌட் தட்": இதை எதற்கும் சொல்லலாம். "கால் இட் எ டே": இன்றைக்கு இத்தோடு போதும் என்பது. இதைக் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

ஒரு விஷயம். அடுத்த தடவை என் வேலையைக் கேட்டால் "ஹாஸ்பிட்டல் வேலை" என்று மட்டும் சொல். சூப்பர்வைசர் என்பது உன் வாயில் சரியாக வருவதில்லை போலிருக்கிறது. அதனால்தான் அவர் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

பாப்பாவுக்கு முத்தம்.

பிப்ரவரி 8

பாப்பா அப்பாவுக்கு,

பத்தும் மனப்பாடம். ஒரு காலர் அட்டையின் பின்புறத்தில் எழுதி மெஷினுக்கு நேர் எதிரே மாட்டிவைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றெண்பது காலர். பத்துக் காலருக்கு ஒரு தடவை நிமிர்ந்து ஒரு வார்த்தையைப் படித்துக்கொள்வேன். அந்த மூலை வெட்டும் விஷயம் மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. காலரைத் திருப்புவதற்கு முன்னால் மூலையிலிருக்கும் துணியை வெட்டினால்தான் நுனி கூராக வரும். எங்கள் வேலையில் மூலை வெட்டாதவள்தான் சோம்பேறி. அங்கே என்னவென்றால் வெட்டுகிறவனைத் திட்டுகிறார்கள். யாரோ தையல் தெரியாதவர் உண்டாக்கிய பேச்சு.

வகுப்பில் மூக்கறுபட்டேன். இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, ஒருவர் விருந்தாளி, ஒருவர் வீட்டுக்காரி என்று பேசிப் பழகச் சொன்னார்கள். எனக்கு ஜோடி பேக்கரியில் வேலை பார்க்கும் பெண். உள்ளே வரலாமா என்று அழகாகக் கேட்டாள். நான் "சாரி, ரைட் அவே" என்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்றாள். "சாரி அபௌட் தட்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்கு வந்தவங்ககிட்ட நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் எழுதி அனுப்பியது இவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அதனால் இந்தத் தடவை காதில் விழுவதை எழுத வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வருவதை எழுதுங்கள். உங்களுக்குக் கீழே பன்னிரண்டு பேர் என்று சொன்னீர்களே, அவர்களிடம் என்ன சொல்லி வேலை வாங்குகிறீர்கள்? நன்றாகச் செய்தால் என்ன சொல்லிப் பாராட்டுவீர்கள்? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எப்படி விசாரிப்பீர்கள்? அந்த மாதிரி பத்து. மனிதரோடு மனிதர் பேசுவது.

பாப்பா அம்மா

பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

காதில் விழுவதை எழுது என்றாய், எழுதினேன். இப்போது வாயிலிருந்து வருவதை எழுது என்கிறாய். நாளைக்கு மூக்கிலிருந்து வருவதைக் கேட்பாய். நான் உனக்கு எழுதுவதே பெரிய பாடு. இந்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, மூன்று மாடியையும் நானே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

இருப்பதை அனுப்புகிறேன். "நாட் நவ்": இப்போது வேண்டாம், அப்புறம் வா. "வாட்ஸ் தி ஹோல்டப்": ஏன் இவ்வளவு நேரம். "புல் யுவர் சாக்ஸ் அப்": காலில் போட்டிருப்பதைப் பற்றி இல்லை, இன்னும் ஒழுங்காக வேலை செய் என்று கண்டிப்பது. "ஒன்ஸ் ஓவர்": ஒரு தடவை மேலாகத் துடைத்துவிடு. "வாட்ச் இட்": ஜாக்கிரதை என்று அதட்டுவது. "டாக் டயர்ட்": ஓய்ந்துபோய்விட்டேன் என்பது. இது யாரும் என்னிடம் சொன்னதில்லை, சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தில் படித்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. "அண்டர் தி வெதர்": உடம்பு சரியில்லை. இரண்டாவது மாடியில் கால் உடைந்து கிடக்கும் ஒரு கிழவர், "யூ லுக் அண்டர் தி வெதர்" என்றார். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். நாலு வருஷத்தில் இங்கே ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "சாரி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழுதான் ஆயிற்று. போதும்.

மறுபடியும் சொல்கிறேன், சூப்பர்வைசர் என்ற வார்த்தையையே அங்கே எடுக்காதே. ஏன் எதற்கு என்று கேட்காதே. சொன்னதைச் செய்.

மார்ச் 9

பாப்பா அப்பாவுக்கு,

திங்கட்கிழமை எங்கள் லைன் சூப்பர்வைசர் வந்து என் பின்னால் நின்றார். அட்டையில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். "என்னம்மா இது, நான் தினமும் உங்களத் திட்டுறதையெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி மாட்டி வச்சிருக்கீங்க?" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் கை ஓடவில்லை. நாலு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து, "என்ன இது?" என்றார். என் வாயிலிருந்து "சாரி அபௌட் தட்" என்று தானாக வந்தது. அப்போதுதான் விளங்கியது.

எங்கள் சூப்பர்வைசரை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அவர் ஒரு நாளும் யாரிடமும் சாரி சொல்லி நான் கேட்டதில்லை. இதோ உடனே என்று அவர் ஓடியதில்லை. ஓர் இடத்தை விட்டுவிட்டாய் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கையில் துணி இல்லை. போன கடிதத்தில் நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு பேர் கீழே இருக்கும்போது வாளியை ஏன் நீங்கள் தூக்குகிறீர்கள்? மூன்று மாடியையும் ஏன் நீங்களே பார்க்கிறீர்கள்? பதினேழு வார்த்தையையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். எல்லாமே ஒருவர் நின்றுகொண்டு, குனிந்திருப்பவரிடம் சொல்வது.

நீங்கள் தரை துடைப்பது எனக்கு ஒன்றும் இல்லை. நான் என்ன கலெக்டர் வீட்டுப் பெண்ணா. என் கேள்வி வேறு. விண்ணப்பத்தில் உங்கள் வேலை இன்னது என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதமும் வைத்திருப்பீர்கள். அதில் என்ன வேலை என்று இருக்கிறது? அந்த மனிதர் என்னிடம் இரண்டு தடவை "ஷூர்?" என்று கேட்டது என் உச்சரிப்புக்காகத்தானா?

பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

மார்ச் 22

பாப்பா அம்மாவுக்கு,

அன்புள்ள போட எனக்கு இந்தத் தடவை தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரிக் கடிதத்தில் துப்புரவுப் பணியாளர் என்று இருக்கிறது. விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதினேன். அங்கே பொய் எழுதினால் பிடித்துவிடுவார்கள்.

ஸ்டோர் பொறுப்பு என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தார்கள். வந்த அன்றைக்கே கையில் தரை துடைக்கும் மாப்பைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மாற்றிவிடுவோம் என்றார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் உன்னிடம் சூப்பர்வைசர் என்று சொன்னேன். சொல்லும்போது அது பொய் இல்லை, ஆசை. அதற்குள் உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாப்பா பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்புறம் எந்த வாயால் மாற்றுவேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதியும் பிரயோஜனமில்லை. முதல் தடவை நிராகரித்தபோது விண்ணப்பித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. உனக்கு வந்தது போல ஒரு வரி இல்லை, முழு விவரமும் இருந்தது. கணவனின் வேலை பற்றி மனைவி சொன்னது ஆவணத்தோடு பொருந்தவில்லை, திருமணம் உண்மையா என்று சந்தேகம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். உன் ஆங்கிலம் போதுமானது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகும் உன்னிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் அப்படியே போகவிட்டேன், இரண்டாம் தடவையும் அதே கடிதம் வந்தது. இரண்டும் என் தலையணை உறைக்குள் இருக்கின்றன.

தெரிந்துகொண்டேதான் உன் நாக்கு வளையாது என்றேன். உன்னை வகுப்புக்குப் போகவைத்தேன். உன் ஆங்கிலம் சரியில்லை என்று நீ நம்பும்வரை என் வேலையைப் பற்றி நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதும்போதே கேவலமாக இருக்கிறது. செய்யும்போது அப்படித் தெரியவில்லை.

நீ வார்த்தை கேட்டபோது நல்ல வார்த்தையாகப் பார்த்து எழுதியிருக்கலாம். சூப்பர்வைசர்கள் பேசுவதும் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்து காகிதத்தை எடுத்தால், எனக்கென்று அன்றைக்குச் சொல்லப்பட்டவைதான் ஞாபகத்துக்கு வந்தன. பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது.

ஏப்ரல் 25

பாப்பா அம்மாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பகல் இரண்டரைக்குத் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுகிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டு மட்டும் வருகிறது.

அடுத்த வாரம் உன் நேர்காணல். போ என்று சொல்ல எனக்கு வாயில்லை, போகாதே என்று சொல்ல மனசில்லை. உன் ஆங்கிலம் சரியில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. அது எப்போதுமே சரியாகத்தான் இருந்தது.

மே 9

பாப்பா அப்பாவுக்கு,

விசா கிடைத்துவிட்டது. உங்களைக் காக்கவைத்து வேடிக்கை பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஆறு மாதத்துக்குள் வந்து சேர வேண்டுமாம்.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் திட்டு மட்டும்தான் இருந்தது. வேலையைப் பற்றி நீங்கள் பொய் சொன்னது எனக்கு ஆறிவிட்டது. முதல் தடவை நிராகரித்ததிலிருந்து இரண்டு வருஷம் நான் ஒரு மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது ஆறவில்லை. காலர் அட்டையைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தேன். பாப்பா ஹோம்வொர்க் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் அர்த்தம் கேட்டேன். அவள் என்னைத் திருத்தும்போது பரிதாபமாகப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நீங்கள்தான் காரணம்.

அவளிடம் நானே சொல்லிவிட்டேன். "பெரிய ஆஸ்பத்திரியா?" என்றாள். பெரிதுதான் என்றேன். "அப்ப அப்பாவுக்குக் கால் வலிக்குமே" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. நீங்கள் நாலு வருஷமாகப் பயந்தது இதற்காகத்தான்.

இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். என் பழைய காகிதங்கள் எல்லாம் அவர் முன்னால் விரித்துக் கிடந்தன. வீட்டுக்காரர் வேலை என்ன என்றார். "ஹி கிளீன்ஸ் தி ஃப்ளோர். ஹாஸ்பிட்டல்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போன தடவை வேறு சொன்னீர்களே, ஏன் என்று கேட்டார்.

நீங்கள் அனுப்பியதில் இதற்கு வார்த்தை இல்லை. வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நானேதான் சேர்க்க வேண்டியிருந்தது. "ஹி டிட் நாட் டெல் மீ" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. நாலு வருஷத்தில் இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள், கால் வலிக்கிறதா, யாரோடு பேசினீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சூப்பர்வைசர் பெண்டாட்டி என்று தெருவில் நாலு பேர் சொல்வது எனக்கும் பிடித்திருந்தது. அதனால், "ஐ டிட் நாட் ஆஸ்க்" என்றும் சொன்னேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

எழுதி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். "டூ யூ வான்ட் டு கோ?"

அர்த்தம் உடனே புரிந்தது. ஆனால் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. விண்ணப்பம் போட்டது நீங்கள். தேதி கொடுத்தது அவர்கள். எப்போது கிளம்புகிறாய் என்று தெருவே கேட்டிருக்கிறது. போக உனக்கு இஷ்டமா என்று இதுவரை என்னை எந்த மொழியிலும் ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

"யெஸ்" என்றேன்.

அது அந்த அம்மாளுக்குச் சொன்ன பதில். உங்களுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்னைக் கேட்டு எழுதுங்கள்.